அணையில் ஒரு முழத் திறப்பு

அபுதாபி பக்கம் ருவைஸில் மண்ணுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மண்தான். தின்கிற குப்பூஸ் ரொட்டியில் மண், படுக்கிற மெத்தையில் மண், காதுக்குள் மண். அப்பேர்ப்பட்ட ஊருக்கு இரண்டாயிரத்து ஆறாம் வருடம் பிப்ரவரியில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மண் வந்து இறங்கியது. நானூறு மூட்டை. ஒவ்வொன்றுக்கும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை, அதன்மேல் பச்சை இலைப் படம். கிறிஸ்துதாஸ் ஒரு மூட்டையைக் கிழித்துக் கையை விட்டுப் பார்த்தான். கறுப்பாக, நார் நாராக, ஊறிப்போன தேங்காய்நார்த் தூள் போல இருந்தது. இதற்கா கப்பல் பிடித்தார்கள் என்று தன் கீழ் வேலை செய்கிற கேங்கிடம் கேட்டான்.

கிறிஸ்துதாஸ் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். மீன்பிடிக்க என்று அபுதாபிக்கு வந்து, படகுக்காரர் படகை விற்றுவிட்டதால் ஒரு கம்பெனியில் சேர்ந்து, பதினான்கு பேர் கொண்ட கேங்குக்கு ஃபோர்மேன் ஆனவன். இப்போது அவனுக்குக் கிடைத்திருந்த வேலை, கடலோரச் சேற்றில் அலையாத்தி என்கிற கண்டல் செடி நடுவது. அந்த இடத்தில் ஏற்கெனவே கண்டல் காடு ஒன்று தானாகவே இருந்தது. பெரிய கப்பல் வருவதற்கு ஆழம் தோண்டிய ஒரு காண்டிராக்டர், தோண்டிய மணலை எங்கே கொட்டுவது என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, காட்டின் தலையிலேயே கொட்டிவிட்டார். காடு செத்தது. இருந்ததைத் திருப்பி வை என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. காசு கொடுத்துக் கெடுத்ததைக் காசு கொடுத்தே சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு வல்லுநர்கள் கிடைக்காமல் போவதில்லை. அப்படிக் கிடைத்தவர்தான் ஃபெர்கஸ்.

ஃபெர்கஸ் ஸ்காட்லாந்துக்காரர். பதினெட்டு வருடம் அந்த ஊர் மலைச் சதுப்புகளைக் காப்பாற்றியவர். முதல் நாள் கேம்ப் மெஸ் ஹாலில் திரை கட்டிப் படம் காட்டினார். மழையும் மஞ்சுமாக ஒரு தேசம். அங்கே பாசி செத்து, மட்காமல் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, ஆயிரக்கணக்கான வருடத்தில் ஆள் உயரத்துக்குக் கறுப்பு மண்ணாகிவிடுகிறதாம். அதற்குப் பேர் பீட். ஜனங்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, அந்த மண்ணைத் தோண்டி அடுப்பெரிக்கவும் தோட்டத்துக்குப் போடவும் எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் வடிந்தால் சதுப்பு காய்ந்து சாகிறது. மருந்து என்ன? வாய்க்காலுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அணை. தண்ணீர் நின்றால் பாசி திரும்பும், பாசி திரும்பினால் சதுப்பு பிழைக்கும். ஃபெர்கஸ் தன் கையாலேயே ஆறாயிரம் அணை கட்டியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் கண் நனைந்தது. பொய்யாக அழவில்லை. அதைக் கிறிஸ்துதாஸ் ஒத்துக்கொண்டான்.

ஆனால் மறுநாள் நர்சரியில் அந்த நானூறு மூட்டையைப் பார்த்து அதே ஃபெர்கஸ் ஒரு மூட்டையின் உறையில் இருந்த எழுத்தை இரண்டு தடவை படித்தார். ஏதோ ஒரு நாட்டுச் சதுப்பைச் சுரண்டி எடுத்த பீட் மண்தான் அது. இங்கே கண்டல் நாற்றுக்குத் தொட்டி மண்ணாக வந்திருந்தது. ஒரு சதுப்பைக் கொன்று இன்னொரு சதுப்பை எழுப்பப் போகிறோம். சைட் இன்ஜினியர் ஜெகின் பக்கத்தில் நின்று, காண்டிராக்டில் அந்த மண்தான் எழுதியிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான். காண்டிராக்டில் எழுதியிருந்தால் சரி என்று ஃபெர்கஸ் நகர்ந்துவிட்டார். அவர் எப்பேர்ப்பட்டவர் என்பதைக் கிறிஸ்துதாஸ் அன்றைக்கே கண்டுகொண்டிருக்க வேண்டும். அவனோ, வெள்ளைக்காரர் ஒரு வெகுளி, விவரம் தெரியாத பிராணி என்று முடிவு கட்டிக்கொண்டான்.

கிறிஸ்துதாஸுக்கு அந்தக் காட்டைப் பற்றிப் பெரிய கவலை எதுவும் கிடையாது. அவன் கவலையெல்லாம் டிசம்பர் மாதம். அவன் மனைவி சுகிர்தராணி குவைத்தில், ஃபர்வானியாவில் நர்ஸ். கல்யாணமாகி ஆறு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது நூற்றுப் பதினோரு நாள். இவனுக்கு லீவு கிடைக்கும்போது அவளுக்குக் கிடைக்காது, அவள் ஊருக்குப் போனால் இவன் இங்கே உப்புக்காற்றில் நிற்பான். இந்த வருடம் அவள் யார் யாரிடமோ கெஞ்சி, இரண்டு பெருநாள் டூட்டியை மற்றவர்களுக்காகப் பார்த்து, டிசம்பர் முழுக்க லீவு வாங்கிவிட்டாள். இவனுக்கும் டிசம்பர் லீவு என்று கம்பெனி வாய்வார்த்தை கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை: நவம்பரில் அதிகாரிகள் வந்து எண்ணும்போது நூற்றுக்கு எழுபது செடி உயிரோடு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுநடவு; மறுநடவு முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை.

மார்ச்சில் நட்டார்கள். நட்ட கையோடு ஃபெர்கஸ் வரைபடத்தை விரித்தார். கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே இருபத்தோரு அணை. தண்ணீரை நிறுத்த வேண்டும், தண்ணீர்தான் உயிர் என்றார்.

கிறிஸ்துதாஸுக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஊரில் ஆறு கடலில் சேருகிற வாயை ஒவ்வொரு கோடையிலும் மணல் அடைத்துவிடும். பொழி அடைத்துவிட்டது என்பார்கள். உள்ளே தண்ணீர் கெட்டு, மீன் வாய் பிளந்து மிதக்கும். அப்போது பங்குக் கோயிலில் ஒரு நாள் குறித்து, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்ப் பொழியை வெட்டிவிட வேண்டும். கடல் உள்ளே வந்து போனால்தான் தண்ணீருக்கு உயிர். எட்டு வயதிலிருந்து அவன் வெட்டியிருக்கிறான். இந்த மனிதரோ திறந்து கிடக்கிற பொழியை அடைக்கச் சொல்கிறார், அதுவும் இருபத்தோரு இடத்தில், மழையே பெய்யாத ஊரில்.

ஜெகினிடம் போய்ச் சொன்னான். ஜெகின் இரண்டு பங்கு தள்ளி உள்ள ஊர்க்காரன். அவன் அப்பாவும் பொழி வெட்டியவர்தான். ஆனால் ஜெகின் டிப்ளமோ படித்தவன், பத்துப் பேர் நடுவில் தமிழே தெரியாதவன் ஆகிவிடுவான். கண்டெய்னர் ஆபீஸின் நிழலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டிராயிங் கையெழுத்தாகிவிட்டது, நமக்கு ஏன் வம்பு என்று ஒதுங்கிவிட்டான். கேங்கில் இருந்த சோலைமுத்து உப்பளத்துப் பக்கத்துக்காரன். மூன்றாவது அணை எழும்பியதும் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான்.

"அண்ணே, எங்கூர்ல உப்பு வெளையணும்னா இப்பிடித்தான் பாத்தி கட்டுவோம். இவரு செடி வளக்காரா, உப்பு எடுக்காரா?"

சோலைமுத்துவின் வாய் பலித்தது. மே மாத வெயிலில் அணைக்குள் நின்ற கடல்நீர் நாளுக்கு நாள் வற்றிக் கெட்டிப்பட்டது. ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. கண்டலுக்கு மூச்சு வேர் உண்டு. சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் இறங்கும்போதுதான் அது மூச்சு விடும். பக்கத்தில் சாகாமல் மிச்சமிருந்த சில பெரிய மரங்களின் மூச்சு வேரெல்லாம் இப்போது இரவு பகலாக முழுகிக் கிடந்தன. நாற்றுகள் மஞ்சளடித்து, தலை சாய்ந்து, வரிசையாக விழுந்தன. ஃபெர்கஸ் வாரம் தவறாமல் வந்து, உப்பு அளக்கும் கருவியைத் தண்ணீரில் முக்கி, நோட்டில் எழுதிக்கொண்டு, அணையை இன்னும் உயர்த்த வேண்டுமோ என்று தாடியைத் தடவினார். மே கடைசியில் கிறிஸ்துதாஸ் எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்குப் பதினெட்டு செத்திருந்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் டிசம்பர் போச்சு. சுகிர்தராணியிடம் என்ன சொல்வான்? ஒருவன் ஊரில் பாசிக்குச் செய்த வைத்தியத்தை இங்கே கண்டலுக்குச் செய்தான், அதனால் நீ தனியாகப் போய்க் கிறிஸ்துமஸ் கொண்டாடு என்றா?

வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. வளைகுடாவில் கிறிஸ்தவர்களுக்கும் அன்றுதான் ஜெபம். ஜூன் இரண்டாம் வெள்ளி, ஜெபக்கூட்டத்துக்குப் போகிறோம் என்று கேட்டில் எழுதிவைத்துவிட்டு, கிறிஸ்துதாஸும் சோலைமுத்துவும் இன்னும் நான்கு பேரும் மண்வெட்டியோடு பஸ் ஏறினார்கள். அதில் மூன்று பேர் இந்துக்கள், ஒருவன் முஸ்லிம். கேட்டில் இருந்த காவலாளி, அந்த அறுவருக்கும் ஒரே நாளில் வந்த பக்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒவ்வோர் அணையிலும் ஓரமாக, கிறிஸ்துதாஸின் முழங்கையால் அளந்து, ஒரு முழ அகலத்துக்கு அடிவரை வெட்டினார்கள். பார்வைக்குத் தெரியாமல் முன்னால் ஈச்சமட்டையைச் சாய்த்து வைத்தார்கள். யாராவது பெரிய ஆள் வருவதாக இருந்தால் சட்டென்று அடைக்க மணல்மூட்டை தயார். முதல் அணையை வெட்டியதும் உள்ளிருந்த பழுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு வெளியே ஓடியது. மதியம் கடல் ஏறி, தெளிந்த தண்ணீர் அதே வழியாக உள்ளே வந்தது. கூடவே விரல் நீளத்துக்கு மீன்குஞ்சுகள். கிறிஸ்துதாஸ் அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட்டான். டிசம்பருக்காகத்தான் வந்தான், என்றாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் டிசம்பர் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

அன்றிலிருந்து கோடை முழுவதும் கேம்பில் ஃபெர்கஸ்தான் பொழுதுபோக்கு. அவர் நடக்கிற மாதிரி சோலைமுத்து நடந்து காட்டுவான். அணையைத் தடவிக் கொடுப்பது போல ரைஸ் குக்கரைத் தடவிக் கொடுப்பான். கிறிஸ்துதாஸ் வயிறு நோகச் சிரிப்பான். தண்ணீர் அவர் காலடியிலேயே ஓடுகிறது, அவருக்குத் தெரியவில்லை பார் என்பான். சுகிர்தராணிக்கு போன் போட்டும் அதைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. வெட்டியதை நேராகச் சொன்னால் என்ன, யாருக்குப் பயந்து ஒளிந்து செய்கிறீர்கள் என்று கேட்டாள். பைத்தியக்காரி, சொன்னால் வேலை போகும், செய்தால் லீவு கிடைக்கும் என்று அவளுக்கு விளக்கினான். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

நவம்பரில் அதிகாரிகள் வந்தார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கியில் இரண்டு பேர், கோட்டுப் போட்ட மூன்று பேர். முந்தின நாளே மணல்மூட்டையால் திறப்புகளை அடைத்தாகிவிட்டது. எண்ணினார்கள். நூற்றுக்கு எழுபத்தேழு. ஃபெர்கஸ் அணைமேல் நின்று, நீரை நிறுத்துவதன் மகிமை பற்றி அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் அவரோடு படம் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துதாஸ் ஈச்சமட்டையை மறைத்தபடி ஓரமாக நின்று உள்ளுக்குள் சிரித்தான்.

சிரிப்பு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஜெகின் ஒரு தாளோடு வந்தான். இந்த மாபெரும் வெற்றியைத் தொடர்ந்து பக்கத்துத் தீவு ஓடைகளிலும் நாற்பது அணை கட்ட உத்தரவாகிவிட்டது. அங்கே இருப்பது நட்ட நாற்று அல்ல, தாத்தன் காலத்துக் கண்டல் காடு. அதையும் இதே முறையில் மேம்படுத்தப் போகிறார்களாம். டிசம்பர் ஒன்றாம் தேதி வேலை ஆரம்பம். பயிற்சி பெற்ற கேங் இது ஒன்றுதான் என்பதால் கிறிஸ்துதாஸின் கேங்குக்கு லீவு ரத்து.

முட்டாளின் வைத்தியம் பலித்ததாக ஊரை நம்ப வைத்தது யார்? அவன்தான். ஒளிந்து ஒளிந்து வெட்டி, அந்த இருபத்தோரு அணைக்கும் நற்சான்று வாங்கிக் கொடுத்தவன் அவன். வேலை போனாலும் பரவாயில்லை என்று, மறுநாள் காலை டூட்டிக்கு முன்னால் ஃபெர்கஸின் கண்டெய்னர் ஆபீஸுக்குள் நுழைந்தான். தன் சைட் இங்கிலீஷில், அணை நல்லதில்லை, நான் வெட்டினேன், வெள்ளிக்கிழமை, எல்லாம் வெட்டினேன் என்று கொட்டித் தீர்த்தான்.

ஃபெர்கஸ் அதிர்ச்சியடையவில்லை. நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். உப்பு அளவு வாரா வாரம் ஏறிக்கொண்டே போய், ஜூன் இரண்டாம் வாரத்தில் தடாலென்று கீழே விழுந்திருந்தது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம். அதற்குள் கிறிஸ்துதாஸ் என்று அவன் பெயர், ஓர் எழுத்து குறைவாக.

அவர் நிதானமாக, அவனுக்குப் புரியும்படி சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினார். மறு வாரமே ஈச்சமட்டையை விலக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். நீ செய்ததுதான் சரி என்றார். தன்னை இங்கே கூப்பிட்டது அணைக்காக, அணை தப்பு என்று தானே எழுதினால் தனக்கு இங்கே என்ன வேலை என்றார். பிறகு அவன் தோளில் கை வைத்தார்.

"அந்தத் தீவிலும் நீ வெட்டிவிடுவாய் என்று எனக்குத் தெரியும், கிறிஸ். அதனால்தான் உன் கேங்கையே கேட்டு வாங்கினேன்."

கிறிஸ்துதாஸுக்கு முகம் எரிந்தது. ஐந்து மாதம் இந்த ஆளை நினைத்து வயிறு நோகச் சிரித்திருக்கிறான். அந்த ஐந்து மாதமும் இந்த ஆள் இவனைக் கூலியில்லாத வெள்ளிக்கிழமை வேலைக்காரனாக வைத்திருந்திருக்கிறார். மடையன் யார் என்பதில் அவனுக்கு இனிச் சந்தேகம் இல்லை. தோளிலிருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சார், ஐ மேக் டேம். டிராயிங் சேம் சேம். ஃப்ரைடே ஐ கோ பிரேயர். நோ கட்டிங். யூ சீ மீட்டர்."

இனி அணைக்குள் உப்பு ஏறுவதை அவருடைய கருவியே காட்டட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். விசாவை கேன்சல் அடித்து விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து, அன்று பெட்டியைக்கூடக் கட்டி வைத்தான். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஃபெர்கஸ் கண்டெய்னரை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள், எல்லோரும் மெஸ் ஹாலுக்கு வரவேண்டும், பயிற்சி வகுப்பு என்று தாக்கீது வந்தது.

அதே திரை. ஃபெர்கஸ் வெள்ளைப் பலகையில் ஓர் அணை வரைந்தார். அதன் ஓரத்தில், அடிவரை, ஒரு திறப்பு வரைந்தார். இதற்குத் தன் கைப்பட ஒரு பெயரும் வைத்திருந்தார். அலைச் சாளரம் என்று ஜெகின் அதைத் தமிழாக்கினான். கடல்நீர் இதன் வழியாக ஏறி இறங்கும், உப்பு சேராது, மூச்சு வேர் முழுகாது, இனி நாற்பது அணையிலும் இது கட்டாயம். அகலம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். அதென்ன நாற்பத்தைந்தும் இல்லாமல் ஐம்பதும் இல்லாமல் நாற்பத்தெட்டு என்று, வகுப்பைப் பார்க்க வந்திருந்த கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் கேட்டார். ஐந்து மாத ஆராய்ச்சியில் கிடைத்த அளவு என்றார் ஃபெர்கஸ். சோலைமுத்து மெதுவாகக் கிறிஸ்துதாஸின் முழங்கையைப் பார்த்தான். திறப்பு விட்டு ஓட விடுகிற தண்ணீருக்குக் குறுக்கே அணை எதற்கு என்று அந்த ஹாலில் யாரும் கேட்கவில்லை. அணை இல்லாவிட்டால் சாளரத்தை எதில் வைப்பது?

அரைமணி நேரம், மண்வெட்டியை எப்படிப் பிடித்து எந்தப் பக்கமிருந்து வெட்ட வேண்டும் என்று அந்தப் பதினைந்து பேருக்கும் ஃபெர்கஸ் செய்து காட்டினார். ஒரு தடவைகூட அவர் கிறிஸ்துதாஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மட்டுக்காவது அவருக்கு வெட்கம் இருந்தது.

வகுப்பு முடிந்து கையெழுத்துத் தாள் வந்தது. அலைச் சாளரம் வெட்டுவதற்குத் திரு. ஃபெர்கஸிடம் பயிற்சி பெற்றேன் என்று மேலே அச்சடித்திருந்தது. முதல் பெயர் கிறிஸ்துதாஸ். அவன் பேனாவை வாங்கினான், மூடியைத் திறக்கவில்லை. கேங் முழுக்க அவனையே பார்த்தது. அவன் போடாமல் யாரும் போட மாட்டார்கள். அவனுக்கு அந்தத் தாளை நாலாகக் கிழித்து அந்தத் தாடியிலேயே எறிய வேண்டும் போல இருந்தது. ஜெகின் குனிந்து, யாருக்கும் கேட்காமல் பேசினான்.

"போடுங்கண்ணா. அடியில ஒங்க லீவு பேப்பர் இருக்கு. வேலைய ஜனவரிக்குத் தள்ளியாச்சு."

"லேய் ஜெகினே, இது யாரு வெட்டுனதுன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்ணா."

"பொறவு?"

"அப்பனுக்க கூட நானும் பொழி வெட்டப் போயிருக்கேன். மொதல் அணையிலயே தப்புன்னு எனக்குத் தெரியும்." ஜெகின் தாளை நேராக்கி வைத்தான். "எனக்கும் ஏப்ரல்ல லீவு உண்டுல்லாண்ணா."

கிறிஸ்துதாஸ் அவனைத் திட்ட வாயெடுத்தான். என்ன சொல்லித் திட்டுவது? ஜெகின் ஏப்ரலுக்காக வாயை மூடியதும், தான் டிசம்பருக்காக வாயை மூடியதும் ஒன்றுதான். குவைத்தில் ஒருத்தி பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். அவளை நினைத்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அவள் முகத்தில் விழிக்கக் கூச்சமாகவும் இருந்தது. யாருக்குப் பயந்து ஒளிகிறீர்கள் என்று அவள் மறுபடி கேட்பாள்.

கையெழுத்தைப் போட்டான். மற்றவர்கள் எழுந்து ஒவ்வொருவராக வந்து, அவன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.